கை நீட்டாதவர்

பீங்கான் தட்டு உடைவது ஒரு சத்தம். கண்ணாடி டம்ளர் உடைவது வேறு. மரப்பலகை பிளப்பதற்கு முன் சின்னதாக முனகும். கெட்டி பிளாஸ்டிக் முதல் அடியில் உடையாது, இரண்டாவதிலோ மூன்றாவதிலோதான் விட்டுக்கொடுக்கும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தேன். எங்கள் சமையலறைக்கும் அவர்கள் கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர்.

அந்தப் பக்கம் ஏதாவது உடைந்தால் என் கையிலிருக்கும் கரண்டி நின்றுவிடும். உடைந்தது என்ன என்று காது முதலில் கண்டுபிடிக்கும். அடுத்து ஓர் அலறல் வருகிறதா என்று காத்திருப்பேன். வராது. வந்ததே இல்லை. அடுப்புத் தீயைக் கூட்டி வைத்துக்கொண்டு மறுபடி கிளற ஆரம்பிப்பேன்.

"சாமானத்தானே ஒடைக்கிறாரு," என்பார் என் கணவர். "ஆள அடிக்கலியே. மத்த வீட்டுலல்லாம் என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

அடுக்குமாடி புளோக் முழுக்க இதே பேச்சுதான். கீழே காப்பிக்கடையில் அவரைப் பற்றி ஒரு பெரியவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்: "வாய் உண்டு, சுத்தியல் உண்டு. கை மட்டும் கிடையாது லா அந்த மனுஷனுக்கு. தங்கம்."

அவர் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. நான் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டேன். குள்ளம். மணிக்கட்டு மட்டும் இரண்டு ஆள் மணிக்கட்டு. குளித்துவிட்டு வந்தாலும் புருவத்தில் சிமெண்டுத் தூள் ஒட்டியிருக்கும். தொழிலே உடைப்பதுதான். பழைய வீட்டை வாங்குகிறவர்கள் குடிபோவதற்கு முன் தரை ஓடுகளையும் குளியலறைச் சுவரையும் பெயர்த்து எடுப்பார்களே, அந்த ஹேக்கிங் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்தார். சொந்த லாரி, ஊரிலிருந்து வந்த நாலைந்து வேலையாட்கள். ஆனால் முதல் அடி எப்போதும் அவருடையதுதான். வேறு யாரையும் அடிக்க விடமாட்டார்.

வீட்டில் அவர் உடைப்பதற்கு ஒரு முறை இருந்தது. கோபம் வந்ததும் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிகிறவர் இல்லை. முதலில் பொருளைத் தேர்ந்தெடுப்பார். அதை எடுத்து எதிரே நிற்பவர் முகத்துக்கு நேரே பிடிப்பார்.

"இது யாருது?"

பதில் வரும்வரை உடைக்கமாட்டார். மனைவியோ மகளோ தன் வாயால் "என்னுது" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான்.

இட்லி மாவு அரைக்கும் கிரைண்டர் உடைந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் மூன்று முறை போய்ப் பார்த்து, நான்காவது முறை வாங்கி வந்தது அது. அந்தத் தளத்தில் ஐந்து வீட்டுக்கு மாவு அந்தக் கிரைண்டரிலிருந்துதான் போகும். 'அக்கா மாவு' என்றே அதற்குப் பெயர். அன்றைக்கு அது ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில், வெளியே நின்று அவர் கூப்பிட்டது அக்காவுக்குக் கேட்கவில்லை. கேட் திறக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவ்வளவுதான் குற்றம்.

மாவோடு சேர்த்துத் தூக்கி வந்தார். பொது நடைபாதையில் நின்று, நெஞ்சுயரத்துக்கு அதைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் என் கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தேன்.

"சொல்லு. இது யாருது?"

"என்னுதுங்க."

கீழே விட்டார். தரை அதிர்ந்தது. கல் தனியே கழன்று மாவுக் கோடு போட்டபடி உருண்டு வந்து என் கேட் கம்பியில் இடித்து நின்றது.

அடுத்து அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். விளக்குமாறு எடுத்து வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு சில்லு விடாமல் அவரே கூட்டினார். ஈரத்துணியால் துடைத்தார். "பிள்ளைங்க வெறுங்காலோட ஓடும் தங்கச்சி. பாத்துக்கச் சொல்லுங்க," என்றார். மறுநாள் மாலை தோளில் ஒரு பெட்டி. பழையதைவிடப் பெரிய கிரைண்டர்.

"வாங்கிக் குடுத்துட்டேன்ல? அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா எப்படி? சாமானுக்கு வலிக்குமா?"

அந்தப் பெட்டியை அக்கா பிரிக்கவே இல்லை. வருடக்கணக்கில் அது கூடத்து மூலையில் துணி மூடி நின்றது. மாவு எங்கே என்று நான் ஒருமுறை கேட்டபோது, "கடையிலயே வாங்கிக்கலாம் தங்கச்சி. அது அவரோட கிரைண்டர்," என்றார். அதன்பிறகு எங்கள் தளத்தில் யாரும் 'அக்கா மாவு' என்று சொல்லவில்லை. அக்காவும் மெல்ல மெல்ல யார் வீட்டுக்கும் வராதவராகிப் போனார்.

ஆனால் அவரை வெறுக்க முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் மகள் அபி ஆறு வயதில் குளியலறையில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வழுக்கி விழுந்தாள். கூப்பிட்டால் குரல் இல்லை. நான் கதவைக் கையால் அறைந்துகொண்டிருந்தேன். அவர் வந்தார். என்னை நகர்த்தவில்லை, "தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு நான் நகரும்வரை நின்றார். கதவில் வாயை வைத்து, அவரிடம் நான் கேட்டறியாத ஒரு குரலில், "அபிக்குட்டி, எந்தப் பக்கம் படுத்திருக்க? காலால தட்டு பாப்போம்," என்றார். மெல்லிய தட்டல் கேட்டது. எதிர்ப்பக்கக் கீலைப் பார்த்து ஒரே அடி. கதவு குழந்தையின் பக்கம் சாயாமல் சுவரோடு சாய்ந்து நின்றது.

உள்ளே அபி நெற்றியில் ரத்தத்தோடு கிடந்தாள். "தூக்குங்க அண்ணே," என்று கத்தினேன். அவர் பின்னால் நகர்ந்தார்.

"நீங்க தூக்குங்க தங்கச்சி. நான் பிள்ளைங்களத் தொடமாட்டேன்."

அது ஏன் என்று, புதுப்பிப்பதற்காக எங்கள் சமையலறையை அவர் உடைத்துக் கொடுத்த சமயத்தில்தான் தெரிந்தது. தேநீர் கொடுத்தேன். இடது காதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மடல் மேலே பிளந்து, சரியாக ஒட்டாமல் ஆறியிருந்தது.

"எங்கப்பா. ஹார்பர்ல வேல. குடிச்சிட்டு வந்தாருன்னா பெல்ட்ட உருவுவாரு. தோல் பக்கம் இல்ல, பக்கிள் பக்கம். எங்கம்மா செத்துப் போனன்னிக்கு அவங்க மேல சத்தியம் பண்ணேன். எம் பொண்டாட்டி பிள்ள மேல இந்தக் கை படாது. இன்னிக்கு வரைக்கும் பட்டதில்ல. யார வேணா கேட்டுப் பாருங்க." இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். "வீடு பேங்க்கோடது. லாரி லோன்ல ஓடுது. இந்தப் பேரு ஒண்ணுதான் நானா சம்பாதிச்சது."

அவருக்குச் சத்தியம் பெரிதாகிக்கொண்டே போயிருந்தது. அடிக்கமாட்டேன் என்று தொடங்கியது, தொடவே மாட்டேன் என்று ஆகியிருந்தது. அவர் மகள் ரூபா ஒருநாள் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, ஏதோ வானிலையைச் சொல்வதுபோல் சொன்னாள்: "அப்பா என்னத் தூக்குனதே இல்ல ஆன்ட்டி. சின்ன வயசுலகூட."

ரூபாவும் அபியும் ஒரே வயது, ஒரே பள்ளி. ரூபா பென்சில் பெட்டியில் பெயர் ஒட்டமாட்டாள். பிறந்தநாள் பரிசைப் பிரித்துப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். எங்கள் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அவளுடைய சாமான்கள்: ஒரு பூப்பந்து மட்டை, இரண்டு பதக்கம், நகப்பூச்சு, கரடி பொம்மை.

"அபியோடதுன்னு சொல்லிடுங்க ஆன்ட்டி," என்பாள்.

ஒருமுறை அவர் அந்த மட்டையோடு என் கேட்டுக்கு வந்தார். பள்ளியிலிருந்து ரூபா அதை மறந்துபோய்த் தன் வீட்டுக்கே எடுத்துப் போயிருந்தாள். அன்று ஏதோ பரீட்சையில் மதிப்பெண் குறைவு. அவர் பின்னால் ரூபா நின்றாள்.

"தங்கச்சி, இது அபியோடதுன்னு சொல்றா. நெசமா?"

"அபியோடதுதான் அண்ணே. காலையிலேருந்து தேடிக்கிட்டிருந்தா."

உடனே அவர் முகம் மாறியது. மட்டையின் நரம்பில் ஒட்டியிருந்த தூசியைத் தன் சட்டையால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "அடுத்தவங்க சாமான நான் தொடமாட்டேன். மன்னிச்சுக்கங்க." ரூபா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தன்னுடைய பொருள் வேறொருத்தியின் பெயரால் பிழைத்ததைப் பார்த்தவளுக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

பதினேழு வயதில் அவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். அவரிடம் சொல்லாமல் சனி ஞாயிறுகளில் குளிர்பானக் கடை ஒன்றில் வேலைக்குப் போய், தன் சம்பளத்தில் ஒரு கைபேசி வாங்கினாள். அதை எங்கள் வீட்டில் வைக்கவில்லை. தன் பெயரின் முதல் எழுத்தை அதன் உறையில் ஒட்டிக்கொண்டாள். "இது என்னுது ஆன்ட்டி," என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் கண்டுபிடித்தார். கேட்டார். அவள் சொன்னாள். அதைச் சுத்தியலால் தட்டையாக்கினார். மறுநாள் வேறு கைபேசி வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். அவள் தொடவில்லை, கடை வேலையையும் விடவில்லை.

அடுத்த வாரம் நான் சாங்கியில் சரக்கு அலுவலகத்து வேலை முடிந்து வீடு திரும்பியபோது மாலை ஏழு மணி இருக்கும். அவர்கள் கேட் அகலத் திறந்திருந்தது. கூடத்து நடுவில் அவர்; எதிரே ரூபா, கடைச் சீருடையில். அக்கா சுவரோடு சுவராக.

ரூபா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் நான் நின்றேன்.

"என்னத்த ஒடைக்கப் போறீங்க? பாருங்கப்பா. சுத்திப் பாருங்க. எனக்குன்னு இங்க ஒண்ணும் இல்ல."

அவர் சுற்றிப் பார்த்தார். நான் அந்தப் பார்வையைப் பார்த்திருக்கிறேன். முதல் அடியை எங்கே வைப்பது என்று சுவரைத் தடவாமல் கண்ணாலேயே தேடும் பார்வை. அது அறையைச் சுற்றி வந்து அவள் முகத்தில் நின்றது.

ரூபாவுக்கு எட்டு வயதிலிருந்தே கிட்டப்பார்வை. கண்ணாடி தடிமனாக இருக்கும். அதைக் கழற்றினால் தன் கைவிரலை மூக்கருகே கொண்டுவந்துதான் எண்ணுவாள். தூங்கும்போதும் குளிக்கும்போதும் மட்டும்தான் கழற்றுவாள்.

அவர் அருகில் போனார். இரண்டு கைகளையும் உயர்த்தி, இரண்டு விரல்களால் இரண்டு காம்புகளையும் பிடித்து, அவள் கன்னத்திலோ காதிலோ விரல் படாமல், அவ்வளவு மென்மையாக அந்தக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு மருத்துவரால்கூட அப்படி முடியாது.

"அண்ணே, வேணாம்," என்றேன். "அது இல்லாம அவளுக்குக் கண்ணு தெரியாது."

"நாளைக்கு வாங்கித் தரேன் தங்கச்சி. இதவிட நல்லதா." என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "இது யாருது?"

இல்லை என்று சொல்லு, அப்பா வாங்கிக் கொடுத்தது என்று சொல்லு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். ரூபா அவர் முகம் இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்தாள்.

"என்னுது."

தரையில் வைத்தார். வேலைக்குப் போடும் இரும்பு முனை வைத்த பூட்ஸை அவர் இன்னும் கழற்றவில்லை. குதிகாலை வைத்து ஒரு திருப்பு.

ரூபா அழவில்லை. கையை முன்னால் நீட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான் அவள் தோளைப் பிடித்தேன். "விடுங்க ஆன்ட்டி, நான் போறேன்," என்று உதறினாள். நடைபாதைச் சுவரைத் தடவிக்கொண்டே வேகமாக நடந்தாள். மின்தூக்கி அந்தக் கோடியில். எங்கள் வீட்டை ஒட்டியே மாடிப்படி. பையைக் கீழே போட்டுவிட்டு நான் ஓடினேன். முதல் படியிலேயே அவள் கால் வெறும் காற்றில் இறங்கியது.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமில்லாதது.

திருப்பத்தில் இருந்த இரும்புக் கைப்பிடியின் முனையில் இடது புருவம் இடித்திருந்தது. முகம் பாதி சிவப்பு. வாயில் பல் ஒன்று தொங்கியது. அவளை மடியில் போட்டுக்கொண்டு மேலே பார்த்தேன். படியின் உச்சியில் அவர் நின்றார், இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளி, சேறு பட்டவரைப்போல விரித்துப் பிடித்துக்கொண்டு. அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்திருந்தன.

"நான் தொடல," என்றார். "எல்லாரும் பாத்தீங்கல்ல? நான் தொடல."

அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கண்ணின் உட்படலம் ஏற்கெனவே மெலிந்திருக்குமாம். அடி பட்டால் கிழிந்துவிடுமாம். இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்தார்கள். இடது கண்ணில் பார்வை வரவில்லை.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ அவர் புதுக் கண்ணாடியோடு மருத்துவமனைக்கு வந்தார். விலை உயர்ந்த சட்டம், வெல்வெட் பெட்டி. கட்டுப்போட்ட கண்ணோடு தூங்குகிறவளின் கால்மாட்டில் அதை வைத்துவிட்டு, "பிரிச்சுப் பாக்கச் சொல்லு," என்று அக்காவிடம் சொன்னார். அக்கா அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். அன்றுதான் மருத்துவமனையின் சமூக ஊழியர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: இது விபத்து என்றால் பிள்ளை அந்த வீட்டுக்கே திரும்புவாள், வேறு ஏதாவது என்றால் இப்போதே சொல்ல வேண்டும்.

வார்டுக்கு வெளியே போலிஸ் அதிகாரி ஒருவர், தமிழ்ப் பெண்மணி, முதலில் அக்காவிடம் கேட்டார்.

"உங்க ஹஸ்பண்ட் மகள அடிச்சாராம்மா?"

"ஐயோ இல்லங்க. அவரு அடிக்கமாட்டாரு." யோசிக்கவே இல்லை. அத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். தன் வீட்டைப் பற்றி அக்கா பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்ததும் அந்த ஒன்றுதான். "எங்க வீட்டுல கை நீட்டுற பழக்கமே இல்ல."

அக்காவின் கணவர் தலையாட்டினார். பக்கத்து நாற்காலியில் கைகளை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதிகாரி என்னிடம் திரும்பினார். அவரும் என்னைப் பார்த்தார். பயமே இல்லாத பார்வை. நான் உண்மையைச் சொல்கிறவள் என்று அவருக்குத் தெரியும்.

"நீங்க பாத்தீங்க. அடிச்சாரா?"

"அடிச்சார்."

"எதால?"

"அவளோட கண்ணாடியால."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். நான் நிறுத்தவில்லை. கிரைண்டரிலிருந்து ஆரம்பித்தேன். கைபேசி, அக்காவின் தையல் இயந்திரம், ரூபா வளர்த்த மீன்தொட்டி, தரையில் துடித்த மீன்கள். ஒவ்வொன்றையும் உடைக்கும் முன் அவர் கேட்ட கேள்வி. அபியின் பெயரில் என் அலமாரியில் ஒளிந்திருக்கும் கரடி பொம்மை வரை சொன்னேன். நடுவில் அவர் எழுந்தார்.

"பொய் சொல்றீங்க தங்கச்சி." குரல் உயரவில்லை. "சாமான் ஒடச்சேன். அதெல்லாம் உண்மை. அடிச்சேன்னு சொல்றீங்களே. நீங்களா சொல்றீங்க?"

அக்காவும் ரூபாவும் ஈசூனில் அக்காவின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். அவர் அவர்களை நெருங்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. அவர் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். எதுவும் உடையவில்லை. அபியும் கண்ணாடி போடுகிறவள். ஒரே அளவில் கூடுதலாக மூன்று செய்து, ஒன்றை அவள் பையிலும் ஒன்றை என் பையிலும் வைத்திருக்கிறேன். வீட்டிலேயே இருக்கும் மூன்றாவதை ராத்திரி எழுந்து தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். "அம்மா, போதும்," என்கிறாள் அவள்.

காப்பிக்கடையில் அவர் மேசை மேசையாகப் போய்க் கேட்டதாகக் கணவர் சொன்னார். "நான் அடிக்கிறவனா? சொல்லுங்க, நான் அடிக்கிறவனா?" முதலில் ஆறுதல் சொன்னார்கள். பிறகு அலுத்துப்போனது. "கை நீட்டாதவரு வராரு, கண்ணாடியக் கழட்டி உள்ள வைங்க லா," என்று அந்தப் பழைய பெரியவரே கிண்டல் செய்தாராம். மேசையில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

சென்ற மாதம் அக்கா நான் வேலையில் இருக்கும்போது அழைத்தார்.

"தங்கச்சி, கேள்விப்பட்டீங்களா? போலிஸ் பிடிச்சிட்டாங்க."

வேலை நடந்த வீட்டில் ஊழியர் ஒருவர், ஊரிலிருந்து வந்தவர், சுவரை அவர் வருவதற்குள் உடைக்கத் தொடங்கிவிட்டாராம். முதல் அடி. அவர் சுத்தியலைப் பிடுங்கித் தூர வைத்துவிட்டு, வெறும் கையால் அந்த மனிதரைத் தரையில் தள்ளி அடித்திருக்கிறார். தாடை இரண்டு இடத்தில் உடைந்ததாம். மற்ற மூன்று பேர் சேர்ந்தும் இழுக்க முடியவில்லையாம். "அதான் அடிக்கிறவன்னு பேரு குடுத்துட்டீங்கல்ல, பேரு குடுத்துட்டீங்கல்ல" என்று சொல்லிச் சொல்லி அடித்தாராம்.

அக்கா பேசிக்கொண்டே போனார்.

"என் நாத்தனா காலைல போன் பண்ணி ஒரே அழுவாச்சி. 'அண்ணன் இப்படிப்பட்டவருன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சே அண்ணி'ங்குது. பழைய புளோக்குல கீழ் வீட்டுக்காரங்க பேசுனாங்க. மேல் வீட்டுக்காரங்க பேசுனாங்க. இப்பத்தான் எல்லாரும் நம்புறாங்க தங்கச்சி."

குரல் லேசாக இருந்தது. அத்தனை வருடப் பழக்கத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கிட்டத்தட்டச் சிரிப்பு.

"இப்ப எப்படி இருக்காரு அக்கா?" என்று கேட்டேன்.

"அவருக்கென்ன, உள்ளதான் இருக்காரு."

"அவரு இல்ல. அடிபட்டவரு."

அக்காவுக்குப் பின்னால் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"தெரியலியே," என்றார் அக்கா. "அவரு பேருகூட நான் கேக்கல."